ஒரு பிசிறுகூட இல்லை

படம் எடுப்பதில் வாயாடிக்கு ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. நடிக்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

பள்ளிகளுக்கு இடையே குறும்படப் போட்டி. தலைப்பு, குழந்தைத் தொழிலாளர். வென்ற படத்தைப் பெரிய அரங்கில் பெரிய திரையில் போடுவார்களாம். நடித்தவர்களின் அப்பா அம்மாவுக்கு முதல் வரிசையில் இடமாம். கலந்துகொண்ட எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு டி-ஷர்ட் உண்டாம்.

"நான்தான் டைரக்டர்!" என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கியவள் வாயாடி. அந்த வகுப்பில் எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவள் அவள். அவளுக்கு வாயாடி என்று வைத்தது மட்டும் டீச்சர்.

கேமரா, கண்ணாடியின் பொறுப்பு. மூக்குக் கண்ணாடி போட்ட பையன் என்பதால் அந்தப் பெயர். அக்காவின் போனைக் கெஞ்சி வாங்கி வந்திருந்தான். ஒரு கீறல் விழுந்தாலும் அக்கா தோலை உரித்துவிடுவாள் என்று நிமிடத்துக்கு ஒரு தடவை புலம்பினான்.

செங்கல் சுமக்க வந்தவள் கிளுக்கென்று சிரித்தாள். தட்டு கழுவ வந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"சிரிக்காத ஆள் ஒருத்தர்கூட இந்த வகுப்புல இல்லையா?" என்று வாயாடி தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருக்காளே!" கண்ணாடி கடைசி பெஞ்சைக் காட்டினான்.

அங்கே தூங்குமூஞ்சி தூங்கிக்கொண்டிருந்தாள். கணக்குப் பாடத்தில் எல்லோரும்தான் தூங்குவார்கள். அவள் பாட்டு வகுப்பிலும் தூங்குவாள். தான் வைத்த பெயர்களிலேயே இதுதான் கச்சிதம் என்று வாயாடிக்குப் பெருமை.

குழாயடியில் படப்பிடிப்பு தொடங்கியது.

"நீ வேலை செய்யிற பொண்ணு. புரியுதா? ம், வேலை செய்!"

தூங்குமூஞ்சி கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன வேலை?"

"ஏதோ ஒரு வேலை. உங்க வீட்ல நீ செய்யிற வேலை."

"வீட்ல வேலை செய்யிறது அம்மாதான். எனக்கு வேலை எதுவும் தெரியாதே."

"சரியான மரக்கட்டைடி நீ!"

வாயாடி கோபத்தோடு படியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் தூங்குமூஞ்சியும் வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வாயாடியின் கழுத்தில் ஏதோ குறுகுறுத்தது. தூங்குமூஞ்சியின் விரல்கள்! காலரின் ஓரத்தில் தொங்கிய நூலை நகத்தால் கிள்ளி எடுத்தன. பிறகு கைமடிப்பு, பிறகு பொத்தான் ஓட்டை. அவளுடைய கண் எங்கோ காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விரல்கள் அவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"என்னடி பண்ற?"

"பிசிறு இருந்துச்சு."

"யாரு கத்துக் குடுத்தா?"

"யாரும் இல்ல. எங்க வீட்டுக்கு மூட்டை வரும். தைச்சு முடிச்ச சட்டை. தொங்கற நூலை எல்லாம் வெட்டிக் குடுக்கணும். அம்மாவுக்கு நான் கொஞ்சம் ஒத்தாசை, அவ்வளவுதான்."

"கொஞ்சம்னா?"

"மூட்டை முடியற வரைக்கும்."

"எப்ப முடியும்?"

தூங்குமூஞ்சி யோசித்துப் பார்த்தாள். "முடிஞ்சதும் அடுத்தது வந்துடும்," என்றாள்.

வாயாடியும் கண்ணாடியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படம் கிடைத்துவிட்டது!

விடுமுறை நாளில் இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். ஒரே ஒரு அறை. அதிலும் பாதியை மூட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மிச்ச இடத்தில் அடுப்பு, பாய், தூங்கும் தம்பிப் பாப்பா. பாப்பாவின் கன்னத்தில்கூட நூல் ஒட்டியிருந்தது.

படம் என்றதும் அவளுடைய அம்மாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகளுக்கு இழுத்துத் தலை வாரினாள். உள்ளதில் நல்ல கவுனை எடுத்து மாட்டிவிட்டாள்.

"நடிக்கிற பொண்ணு பரட்டைத் தலையோட இருந்தா நல்லாவா இருக்கும்?"

தூங்குமூஞ்சி முதுகை வளைத்து உட்கார்ந்தாள். கத்திரி பிடிக்கும் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த தோல் கறுத்துக் காய்த்திருந்தது. ஒரு சட்டையை எடுத்தாள், வெட்டினாள், புரட்டினாள், மறுபடி வெட்டினாள், மடித்தாள், அடுத்ததை எடுத்தாள். நடுவில் கண் சொக்கியது. அப்போதும் கை நிற்கவில்லை. கண்ணாடி போனைப் பற்றிப் புலம்புவதையே மறந்துபோனான்.

"நல்லா எடுங்க கண்ணுங்களா," என்றாள் அம்மா. "மத்த பிள்ளைங்க எல்லாம் தெருவுல ஆடிட்டிருக்கும். எம்பொண்ணு அம்மாவுக்கு எவ்வளவு ஒத்தாசையா இருக்கான்னு ஊரே பாக்கட்டும். ஆமா, படத்துக்கு என்ன பேரு?"

வாயாடி வாயைத் திறந்தாள். முதன்முறையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"இன்னும் வைக்கல, ஆன்ட்டி," என்று கண்ணாடிதான் சமாளித்தான்.

படத்தைப் பார்த்த டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முதல் பரிசு நமக்குத்தான். இன்னைக்கே அனுப்பிடலாம்."

"வேண்டாம் டீச்சர்," என்றாள் வாயாடி.

"ஏன்?"

"அவங்க அம்மா முதல் வரிசையில உக்காந்திருப்பாங்க. மகளைப் பாராட்டப் போறாங்கன்னு நினைச்சுட்டு வருவாங்க. திரையில 'குழந்தைத் தொழிலாளி'ன்னு வந்தா?"

"உண்மை தெரிஞ்சா அவளுக்கு நல்லதுதானே?"

"மூட்டைக்காரரும் பாத்துட்டு மூட்டையை நிறுத்திட்டா அவங்க எல்லாரும் என்ன சாப்பிடுவாங்க, டீச்சர்?"

டீச்சரிடம் எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கும் என்றுதான் வாயாடி அதுவரை நினைத்திருந்தாள். மாலையில் அவரே அந்த வீட்டுக்குப் போய்வந்தார். மறுநாள் சோர்ந்த முகத்தோடு வந்தார்.

"அவங்க அப்பா வேலை தேடிப் போனவர்தானாம். அப்புறம் தகவலே இல்லையாம். மூட்டையை விடுங்கன்னு சொல்ல என் கையில வேற என்ன இருக்கு? கேக்க வேண்டிய இடத்துல எல்லாம் கேட்டுட்டு இருக்கேன். இன்னும் ஒண்ணும் நடக்கல."

அந்தப் படத்தைக் கண்ணாடி அழித்தான். படம் சரியாக வரவில்லை என்று அவளுடைய அம்மாவிடம் சொல்லிவைத்தான். போட்டிக்கு, கண்ணாடியே செங்கல் சுமக்கும் படம்தான் போனது. கடைசிக் காட்சியில் அவனும் சிரித்துவிட்டான்.

விழாவுக்கு முந்தைய நாள் தோழி பள்ளிக்கு வரவில்லை. ஆமாம், இப்போது தோழிதான். தூங்குமூஞ்சி என்ற அந்தப் பழைய பட்டப்பெயர் வாயாடியின் தொண்டையிலேயே சிக்கிக்கொள்கிறது.

பள்ளி விட்டதும் வாயாடி அவள் வீட்டுக்கு ஓடினாள். அறை முழுக்க வெள்ளை வெளேரென்று டி-ஷர்ட் குவியல். தோழி கதவோரத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அவசர மூட்டை," என்றாள் அவள், தலை நிமிராமல். "விடியறதுக்குள்ள முடிக்கணுமாம். நாளைக்கு ஏதோ விழாவாம்."

வாயாடி ஒரு டி-ஷர்ட்டை எடுத்து விரித்தாள். நெஞ்சில் சிவப்பு எழுத்தில் அச்சடித்திருந்தது: பிஞ்சுக் கைகளுக்கு வேலை வேண்டாம்!

அதைத் தோழியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதைப் படிச்சியாடி?"

"ம்ம். அழகா எழுதியிருக்காங்க, இல்ல? பாவம், வேலைக்குப் போற பிள்ளைங்க."

"அப்ப நீ?"

"நான் எங்க வேலைக்குப் போறேன்? நான் வீட்லதானே இருக்கேன்."

வாயாடிக்கு அழுகை முட்டியது. என்ன செய்வதென்று தெரியாமல், கீழே கிடந்த இன்னொரு கத்திரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா பதறிப்போய் ஓடிவந்து அதைப் பிடுங்கினாள்.

"ஐயோ, வெச்சிடும்மா! கையில கிழிச்சிடும். நீ குழந்தை!"

சொல்லி முடித்ததும் அம்மாவின் பார்வை மகளின் கட்டைவிரலில் போய் நின்றது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மகளின் கையிலிருந்த கத்திரியையும் மெதுவாக வாங்கித் தரையில் வைத்தாள். பாப்பா எழுந்து சிணுங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா குவியலைப் பார்த்தாள். கத்திரியை எடுத்து மறுபடி மகளிடமே நீட்டினாள்.

"இந்த ஒரு மூட்டை மட்டும்டா," என்றாள்.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. படக்குழுவில் இவளும் உண்டு என்று அடம்பிடித்து வாயாடி தோழியையும் அழைத்து வந்திருந்தாள். எல்லோருக்கும் டி-ஷர்ட் கொடுத்தார்கள். பரிசு வேறு பள்ளிக்குப் போனது. கண்ணாடியின் சிரிப்புக்குக்கூட ஆறுதல் பரிசு கிடைக்கவில்லை.

சிறப்பு விருந்தினரும் அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மேடையில் முழங்கினார். "இந்த ஊரில் ஒரு குழந்தைகூட வேலை செய்யக் கூடாது!" கைதட்டல் கூரையைப் பிளந்தது.

வாயாடி தன் டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்த்தாள். கழுத்து, கை, கீழ் ஓரம், உள்பக்கத் தையல். ஒரு பிசிறுகூட இல்லை.

அப்போது அவள் தோளில் ஏதோ கனத்தது. தோழி சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய தலைமுடியில் வெள்ளை நூல் ஒன்று இருந்தது. வாயாடி அதை மெல்ல எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"யாரும்மா இந்தத் தூங்குமூஞ்சி?" விழாவை நடத்தும் அக்கா ஒருத்தி குனிந்து அதட்டினாள். "விருந்தினர் பேசறப்போ தூங்கலாமா? எழுப்பு அவளை."

வாயாடிக்கு அந்த அக்காவிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கியே சொல்லியிருப்பாள். ஆனால் வாயைத் திறந்தால் தோள் அசையும்.

விரலை உதட்டில் வைத்து, "உஷ்!" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு விழா முடியும்வரை வாயாடி ஒரு வார்த்தை பேசவில்லை.