எடை பார்க்கும் அறை

விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த காலையில் நர்ஸ் வந்து கிளினிக்கைத் திறந்தாள். பழைய கட்டடம். எவ்வளவு பினாயில் ஊற்றிக் கழுவினாலும் உள்ளறையில் காயாத துணியின் வாடை லேசாக இருந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். அவளுக்கு இப்போதெல்லாம் எதுவும் உறைப்பதில்லை. உறைத்தால் இந்த வேலையில் காலம் தள்ள முடியுமா என்ன?

அந்த உள்ளறைதான் எடை பார்க்கும் அறை. எந்தக் குழந்தை வந்தாலும் முதலில் அங்கே தனியாகக் கூட்டிப்போய், கதவைச் சாத்தி, எடை பார்த்துவிட்டுத்தான் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். அம்மா, அப்பா யாருக்கும் உள்ளே இடமில்லை. அது டாக்டர் போட்ட சட்டம். "பெத்தவங்க முன்னாடி பிள்ளை வாய் திறக்காது சிஸ்டர்" என்பார். கைராசிக்கார மனுஷர். அடிபடுகிற பிள்ளை என்று தெரிந்தால் அவரே போனை எடுத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குச் சொல்லிவிடுவார். அப்படித் தப்பிய பிள்ளைகள் எத்தனையோ.

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளை நர்ஸுக்கு அடையாளம் காட்டுவது யார் என்பது.

முதல் தடவை அவள் ஏமாந்துதான் போனாள். ஒரு சின்னப் பையனை எடை பார்க்கக் கூட்டிப்போனபோது, பின்னாலேயே நனைந்த கவுனோடு ஒரு சிறுமி வந்து சுவரோரம் நின்றாள். அக்காவாக்கும் என்று நினைத்து, நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க பெரிய பொண்ண வெளிய உக்கார வைங்கம்மா."

"எனக்கு இவன் ஒருத்தன்தாங்க சிஸ்டர்" என்றாள் தாய்.

திரும்பிப் பார்த்தால் தரையில் ஈரம் மட்டும் இருந்தது. என்னவோ தோன்றிப் பையனின் சட்டையைத் தூக்கினாள். முதுகெல்லாம் சூடு போட்ட தழும்பு.

அதற்குப் பிறகும் சிறுமி வந்தாள். எல்லாப் பிள்ளைகளோடும் இல்லை, வீட்டில் அடிவாங்கும் பிள்ளைகளோடு மட்டும். பேசமாட்டாள், நின்ற இடத்தைவிட்டு நகரமாட்டாள். ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. பயந்து பயந்து நர்ஸுக்குப் பயமும் தேய்ந்துபோனது. "இந்தப் பிள்ளைய நல்லாப் பாருங்க டாக்டர்" என்று மட்டும் சொல்வாள். "சிஸ்டருக்குக் கழுகுக் கண்ணு" என்று அவர் சிரிப்பார்.

அன்று மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை. டாக்டர் தன் மகளைக் கையோடு கூட்டி வந்திருந்தார். தாயில்லாப் பெண், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. "இங்கயே உக்காரு, எங்கயும் போகக் கூடாது" என்று அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போனார். வேறு யாரும் இன்னும் வரவில்லை.

பெஞ்சில் குழந்தையைக் கண்டால் நர்ஸுக்குக் கை சும்மா இருக்காது. எல்லாம் பழக்கதோஷம். "வாடி ராஜாத்தி, எவ்ளோ வளந்துட்டன்னு பாப்போம்" என்று உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். மெஷின்மேல் ஏற்றி நிறுத்தினாள்.

ஈர வாடை குப்பென்று அடித்தது.

நர்ஸ் மெதுவாக நிமிர்ந்தாள்.

சுவரோரம் சிறுமி நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல" என்றாள் நர்ஸ், கிசுகிசுப்பாக. "இது டாக்டர் பொண்ணு. நீ தப்பா வந்துட்ட."

சிறுமி அசையவில்லை. கவுனிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யார்கிட்ட பேசறீங்க ஆன்ட்டி?" என்றது பிள்ளை.

நர்ஸ் அதன் சட்டையின் முழுக்கையை மேலே தள்ளினாள். முழங்கைக்கு மேலே ஒரு கட்டு. ஓரம் மடித்து, பிசிறில்லாமல், பிள்ளைக்கு உறுத்தாமல் போட்ட கட்டு. அப்படிக் கட்டுப் போடுகிறவர் ஒருவரைத்தான் அவளுக்குத் தெரியும்.

"யாரும்மா அடிச்சது?"

பிள்ளை கதவைப் பார்த்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அடிச்சா பரவால்ல ஆன்ட்டி. அப்புறம் அப்பாவே மருந்து போட்டு விட்டுடுவாரு."

அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. கைகால் வேறு யாருடையதோ போலிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? இத்தனை காலமும் சொன்னதெல்லாம் அவரிடம்தானே! சொல்லாமல் விட்டால் சாயங்காலம் இந்தப் பிள்ளை அவரோடுதான் வீட்டுக்குப் போகும்.

வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"சிஸ்டர், பாப்பா உள்ள இருக்காளா?"

"எடை பாக்கறேன் டாக்டர்."

"அதெல்லாம் வேணாம். கதவத் திறங்க."

அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

கைப்பிடி திரும்பியது.

சிறுமி நகர்ந்தாள்.

ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிய, நடந்துபோய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள். இப்போது பிள்ளையின் கண்ணும் அவள்மேல் இருந்தது. கைப்பிடி மறுபடி திரும்பியது. கதவு அசையவில்லை.

"சிஸ்டர்!"

அவர் தோளால் இடித்தார். ஒவ்வோர் இடிக்கும் சிறுமியின் தலை முன்னால் துள்ளி விழுந்தது. முகம் மட்டும் மாறவேயில்லை. அடி வாங்கிப் பழகின முகம்.

நர்ஸ் தன் போனை எடுத்தாள். அலுவலகத்து எண் சுவரிலேயே இருந்தது, டாக்டர் ஒட்டிவைத்ததுதான். பிள்ளையின் பெயர், வயது, காயம், அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். மளிகைக் கடையில் சாமான் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

அலுவலகத்துக்காரர்கள் வந்து சேரும்வரை கதவு திறக்கவில்லை. வந்து தட்டியதும் தானே திறந்துகொண்டது. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, "சொல்லும்மா, அப்பா உன்ன அடிப்பேனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளை அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவர்கள் சொல்லியனுப்பிய பிள்ளையின் பெரியம்மா ஓடிவந்து அதை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் பிள்ளை நர்ஸைப் பார்த்துக் கேட்டது:

"அந்த அக்காவக் கூட்டிட்டுப் போக யாரு ஆன்ட்டி வருவாங்க?"

இத்தனை பிள்ளைகளை அடையாளம் காட்டியவளை ஒருநாளாவது யாரென்று கேட்டோமா என்று நர்ஸுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் விளக்குகளை அணைத்துவிட்டு உள்ளறை வாசலில் நின்றாள். "என்கூட வரியா?" என்று இருட்டிடம் கேட்டாள். பூட்டிவிட்டுக் குடையை விரித்தாள்.

தெருமுனையில் திரும்பும்போது, அவள் விரல்களுக்குள் சின்னதாக ஒரு கை நுழைந்தது. ஐஸ்போலச் சில்லிட்டது.

அவள் குனிந்து பார்க்கவில்லை. கை மணிக்கட்டுவரை மரத்துக்கொண்டே வந்தது. குடையை அந்தப் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, சின்ன எட்டாக வைத்து நடந்தாள்.