முந்திக்கொண்ட குரல்

படிக்கட்டுக்கு மேலிருந்த ஸ்பீக்கர் மட்டும் அவளை முந்திப் பேசியது.

அவள் போனில் "சோதனை, சோதனை" என்பதற்கு ஒரு மூச்சு முன்னால், அவளுடைய குரலிலேயே, தொண்டையில் கட்டியிருந்த சளியோடு, அது சொல்லி முடித்திருந்தது. விடுமுறை நாளின் நண்பகல். ஆளில்லாத மேசைகளுக்கும் புதுத் தரைவிரிப்பின் பசை நாற்றத்துக்கும் நடுவே அவள் குரல் அவளுக்கு முன்னால் நடந்துபோனது.

இணையத் தொலைபேசியில் ஒருவர் பேசினால் கூரையிலுள்ள எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் கேட்கவேண்டும். அந்த ஏற்பாட்டை வரைவது அவள் வேலை. ஏணியில் ஏறி மாட்டுவது கணவன் வேலை. ஸ்பீக்கர் பிந்துவதுண்டு, அதற்கு மருந்தும் உண்டு. முந்துவதை அவள் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஸ்பீக்கர் அவளுடைய வரைபடத்தில் கிடையாது. இந்த அலுவலகத்தின் மேனேஜர் கேட்டு வாங்கியது. "என் குரல் மேலேர்ந்து இறங்கணும்மா. ஆகாசத்துலேர்ந்து வர்ற மாதிரி." கழிப்பறைக்குப் போனவர்களைத் திரும்பக் கூப்பிடுவதற்குத்தான் இந்த ஆகாசம். வேலை முடிந்ததென்று கையெழுத்துப் போடுகிறவர் அவர் என்பதால் அவளும் தலையாட்டியிருந்தாள். படிக்கட்டின் நடுவே இறங்கிய நான்கு மாடி ஆழத்தின் விளிம்பில், இடுப்புக்குக்கூட வராத கம்பிக்குப் பக்கத்தில் ஏணி நின்றது.

"ஏங்க, இது முந்துது. என்னன்னு பாருங்க."

கணவன் ஏறினான். "யோசிக்கிறதுக்கு முன்னாடியே பேசுதா? உங்கிட்டதான் கத்துக்கிட்டிருக்கும்."

"கிண்டலை விட்டுட்டு வயரைப் பாருங்க."

கையிலிருந்த போன் திறந்தே இருந்தது. கிண்டலை விடச் சொல்லி அவள் வாயெடுக்குமுன்பே ஸ்பீக்கர் அதைச் சொல்லியிருந்தது.

நடையின் மறுகோடியில், கண்ணாடி அறைக்குள், மேனேஜர் தம் போனை எடுத்து நாளைய உரையை ஒத்திகை பார்த்தார். "என் பாசத்துக்குரிய ஊழியக் குடும்பமே..." போன மாதம் அந்தக் குடும்பத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பியவர். அவர் பாசத்துக்கு வருமுன் படிக்கட்டு ஸ்பீக்கர் குடும்பத்தை முடித்து, நன்றியும் சொல்லிவிட்டது. கதவைத் திறந்து தலையை நீட்டினார். "பாத்தியாம்மா? மெஷினுக்கே என் மனசு தெரியுது!"

அவர் உள்ளே போய், போனை வைத்துவிட்டு, டீ குடிக்க உட்கார்ந்தார்.

ஸ்பீக்கர் நிறுத்தவில்லை.

"நேற்று இந்தப் படிக்கட்டில் தவறி விழுந்து உயிரிழந்த ஸ்பீக்கர் தொழிலாளிக்கு," என்றது மேனேஜரின் குரல், சோகத்துக்கென்று வைத்திருக்கும் கனத்தோடு, "நம் குடும்பத்தின் சார்பில் அரை நிமிட மௌனம். முடிந்ததும் உடனே அவரவர் வேலைக்குத் திரும்பவும்."

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். மேனேஜரின் வாயில் டீ டம்ளர் இருந்தது.

"யாரையோ மேல அனுப்பிட்டாருடி இந்த மேனேஜர்!" ஏணி உச்சியில் கணவன் சிரித்தான். ஏணி லேசாகக் கிரீச்சிட்டது.

நாளைய உரையில் 'நேற்று' என்றால் இன்று. கத்த வந்தது. விழுங்கினாள். கூப்பிட்டால் கழுத்தை மட்டும் திருப்பத் தெரியாத மனுஷன்; கல்யாணமான நாளிலிருந்து முழு உடம்போடுதான் திரும்புவான். பேசக்கூடாது. பக்கத்தில் போய் ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு மெதுவாக இறக்க வேண்டும். அவ்வளவுதான்.

போனின் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். விளக்கு அணையவில்லை. மறுபடி அழுத்தினாள். அணையவில்லை.

செருப்பைக் கழற்றினாள். தரைவிரிப்பு காலடிச் சத்தத்தை விழுங்கியது. அவன் வாயில் திருகாணியை வைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தான். இன்னும் நாலு எட்டு. இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பற்கள் உள்ளங்கையில் பதிந்தன. மூச்சுகூட விடவில்லை.

இன்னும் ஒரு எட்டு. கையை நீட்டினாள்.

"ஏங்க!"

அவள் சொல்லவில்லை.

அவன் காதருகே, அவள் குரலில், ஸ்பீக்கர் அலறியது.

அவன் திரும்பினான். முழு உடம்போடு.

விரல்நுனியில் ஏணியின் கால் பட்டது. நழுவியது.

அப்போதுதான் அவள் வாய் திறந்தது. அதே அலறல். அதே இடத்தில் உடைந்தது. எல்லா மாடியிலும், எல்லா ஸ்பீக்கரிலும், ஒரே நேரத்தில்.

கீழே ஏதோ விழுந்த சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

ஒற்றை வயரில் தொங்கி ஆடிய ஸ்பீக்கர் கொரகொரத்தது. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் மறுபடி போனை எடுத்துத் தொண்டையைச் செருமினார். "இப்ப சரியா இருக்கும்மா. எல்லாத்துலயும் ஒண்ணா வருது. கையெழுத்து போட்டுடறேன்."

அவர் ஆசைப்பட்டபடியே, குரல் மேலேயிருந்து ஒவ்வொரு மாடியாக இறங்கி, தரைத்தளத்தில் கிடந்தவன்மேல் போய் விழுந்தது.