ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடம்

ஃப்யூஸ் எல்லாவற்றையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்ட பிறகும் டெஸ்ட் லாம்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கஜபதியால் அதை நம்ப முடியவில்லை. பேட்டரிக்கும் காருக்கும் நடுவில் அந்தச் சின்ன விளக்கை மாட்டிவிட்டு ஃப்யூஸை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தால், எதை உருவும்போது விளக்கு அணைகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. காட்டுப்பாக்கம் மெயின் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு இருபது வருடமாக அவன் சோறு தின்பது இந்த ஒரு வித்தையை வைத்துத்தான். கடைசி ஃப்யூஸும் பையில் கிடக்க, விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிந்தால் அதற்கு என்ன அர்த்தம்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கத்திரி வெயில். பக்கத்து டயர் கடை, எதிர்ப்பக்கத்து ஹார்டுவேர்ஸ் எல்லாம் ஷட்டர் இறக்கியாயிற்று. பூந்தமல்லிக்குப் போகிற பஸ் ஒன்று புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. அது அடங்கியதும், வண்டிக்குள் எங்கோ வயர் சூடாகிற வாடை மெல்ல அவன் மூக்கில் ஏறியது.

"இன்னாமா இது, எத்தினி நாளா இப்டிக் கீது?"

வண்டியை ஓட்டிவந்த அம்மாள் கொட்டகை நிழலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. பெயர் லோகநாயகி என்றும் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வருவதாகவும் சொல்லியிருந்தாள். வந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா தம்பி. தானா ஹாரன் அடிக்குது, தானா பூட்டிக்குது. என் பொண்ணு வண்டி. உங்ககிட்டதான் காட்டணும்னு ஒரே பிடிவாதம்."

"பாப்பா வரலியா?"

"வந்திருக்காளே."

கஜபதி திரும்பிப் பார்த்தான். ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜூஸ் குடிக்கப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டான்.

பேட்டரியையே கழற்றித் தூக்கிவந்து அந்த அம்மாளின் காலடியில் வைத்தான். இனிமேல் அது வெறும் தகரம், எதுவும் எரியாது, எதுவும் அடிக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, டிரைவர் பக்கக் கதவைத் திறந்து மண்டியிட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துக் கையால் தடவத் தொடங்கினான். உள்ளே இருட்டு. பழைய ரப்பர் வாடை, அதற்குக் கீழே கருகல் வாடை. காதுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சன்னமான சத்தம், மூச்சா, வயர் உரசுவதா என்று பிரிக்க முடியாதபடி வந்து போனது. பின் கதவில் 'டக்' என்று லாக் விழுந்தது.

பேட்டரி இல்லாமல் லாக் எப்படி விழும்? வெயிலுக்கு இரும்பு விரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். அப்போதுதான் விரலில் அந்த டேப் பட்டது. இழுத்து வெளிச்சத்தில் பார்த்தான்.

பச்சை டேப். நாளைக்குப் பிரிக்க வசதியாக, நுனி உள்பக்கம் மடித்து விடப்பட்டிருந்தது. அப்படி மடித்துவிடுகிற பழக்கம் இந்த வட்டாரத்தில் ஒருவனுக்குத்தான் உண்டு. அது கஜபதி.

இவனைக் கெட்டவன் என்று ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழை நாள் சாயங்காலம், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஒரு பெண் வண்டி கொண்டுவந்தாள். எழிலரசி என்று அட்டையில் போட்டிருந்தது. போடப் போட மூன்று தடவை ஃப்யூஸ் எரிந்துபோயிற்று. எங்கோ வயர் உரசுகிறது. டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தால் அரை நாள் வேலை. மாங்காட்டில் மச்சான் வீட்டு விசேஷம், பிரியாணி ஆறிப்போகும். இவன் வெளியே தெரிந்த ஒரு ஜாயின்ட்டுக்கு டேப் சுற்றிவிட்டு, ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இழைச் செம்புக் கம்பியை முறுக்கிச் சொருகினான். "ஒண்ணியும் ஆவாதுமா, தகிரியமா ஓட்டு" என்று அனுப்பியும் வைத்தான்.

நாலாம் நாள் குத்தம்பாக்கம் ரோட்டில் அந்த வண்டி எரிந்தது. கதவுகள் திறக்கவில்லை. கடைசிவரை ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். போலீஸ்காரர் போட்டோவைக் காட்டியபோது அதில் வெறும் இரும்புக் கூடுதான் இருந்தது. 'இந்த வண்டி என் கடைக்கு வந்ததே இல்லை' என்றான் கஜபதி. அதோடு விட்டானா? 'பொண்ணே எதையாச்சும் நோண்டியிருக்கும் சார்' என்றும் சேர்த்துச் சொன்னான். கேஸ் அப்படியே முடிந்தது.

எரிந்து கூடான வண்டியின் டேப் இப்போது அவன் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா தம்பி?" லோகநாயகி எழுந்திருக்கவில்லை. "அந்த எடத்துல என்ன வச்சீங்க? சொல்லிடுங்க. அவ மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான் எங்களுக்கு வேணும்."

ஒரு வார்த்தைதான். கதவு திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் கஜபதி சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பார்த்துப் பேசினான்.

"இந்த வண்டிய நான் பாத்ததே இல்லமா. எம்புள்ள மேல சத்தியமா."



"சரி" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. யாரும் தொடவில்லை. நாலு கதவிலும் லாக் விழுந்தது. டக். டக். டக். டக்.

இழுத்தான். வரவில்லை. கண்ணாடியைத் தட்டினான், முழங்கையால் இடித்தான். பானட் தூக்கியிருந்ததால் முன்னால் எதுவும் தெரியவில்லை. ஏசி ஓட்டைகளிலிருந்து மெலிசாகப் புகை வந்தது.

குனிந்து ஃப்யூஸ் பெட்டியைப் பார்த்தான். அவன் கையாலேயே காலி செய்த பெட்டி. அதில் ஒரே ஒரு இடத்தில் செம்புக் கம்பி. மூன்று இழை. சிவந்து பழுத்திருந்தது.

பிடித்து இழுத்தான். விரல் தோல் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பி வரவில்லை. ஃப்யூஸாக இருந்தால் இந்நேரம் அறுந்திருக்கும். இது அறாது. அறக்கூடாது என்றுதானே முறுக்கி வைத்தான்.

புகை. இருமல்.

ஹாரனை அமுக்கினான். அடித்தது. பேட்டரி வெளியே அவள் காலடியில் இருந்தது. அடித்தது.

"நான்தாமா! நான்தான் கம்பி வச்சேன்! பாப்பா மேல தப்பில்லமா!"

லோகநாயகி எழுந்து வந்தாள். கண்ணாடியருகே குனிந்து, காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். ஹாரன் சத்தத்தில் கேட்கவில்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு அவள் பார்வை அவனைத் தாண்டிப் பின் சீட்டுக்குப் போனது. அவள் கண் நிறைந்தது.

பின்னால் சீட் பெல்ட் கழன்றது.

கஜபதி திரும்பவில்லை. ஹாரனிலிருந்து கையை எடுக்கப் பார்த்தான். அவன் கைமேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. சூடான, கரி படிந்த, சின்னக் கை. மெதுவாக அமுக்கியது.

ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.