தொப்புளுக்கு மேலே ஓர் இரைச்சல்

தைலம் தேய்க்கக் குனிந்தபோதுதான் நாகலெட்சுமி அதை முதலில் கேட்டாள். புருஷன் அழகுமுத்துவின் தொப்புளுக்கு மேலே, தோலுக்கு அடியில், மூச்சுக்குக்கூட நிற்காத ஓர் இரைச்சல். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து வாட்டும் காற்றாடி தூரத்தில் ஓடுவது போல இருந்தது.

நுவரெலியாவில் டொக்டரம்மா ஸ்கேன் திரையைத் திருப்பிக் காட்டினார். குடலிலிருந்து ஈரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் ஓரிடத்தில் உப்பியிருந்தது. அதற்குள் சிவப்பும் நீலமும் சுற்றிச் சுற்றி வந்தன. சிலருக்கு இது பிறவியிலேயே இருக்குமாம். இவனுக்கோ சாராயம் ஈரலைக் கல்லாக்க, போக வழியில்லாத ரத்தம் குழாயை வீங்க வைத்துவிட்டது.

"ஒப்பரேசன் பண்ண முடியாதுங்களா?"

"இந்த ஈரலோட கத்தி வெச்சா அதுதான் பெரிய ஆபத்து. மருந்த விடாம குடுங்க, அடுத்த ஸ்கேன்ல பார்ப்போம். உள்ள ரத்தம் உறைஞ்சு வலி வந்தாலோ, ரத்தமா வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிட்டு வாங்க."

"அந்த இரைச்சலுங்க?"

"ரத்தம் ஓடுற சத்தந்தான்."

அந்த ஒரு வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். சத்தம் இருந்தால் ஆள் இருக்கிறான். ஸ்டோர் இரைகிறதா என்று தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்தே காது கொடுத்து வளர்ந்தவளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒருமுறை, வேலை விட்டு வந்ததும் ஒருமுறை, அவன் வயிற்றில் காதை வைப்பாள்.

"என்ன புள்ள, ஸ்டோரு ஓடுதா?" என்று சிரிப்பான்.

"ஓடுதுங்க."

குடித்தே கெட்டவன் மேல் ஆத்திரம் தீரவில்லைதான். ஆனாலும் அவன் இல்லாத அந்த ஒற்றை அறைக் காம்பராவை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அன்று மத்தியானமே மூடுபனி இறங்கிவிட்டது. இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து நீர் சொட்ட, தடவித் தடவி அவள் லயத்துக்கு வந்தபோது கரண்ட் இல்லை; ஸ்டோரும் நின்றுபோயிருந்தது, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை, காம்பராவுக்குள் தைல வாசனைக்கு அடியில் பழைய இரும்பு போல ஏதோ நாறியது. இருட்டில் அவன் மல்லாந்து படுத்திருந்தான். வழக்கம்போல மண்டியிட்டுக் காதை வைத்தாள்.

இரைச்சல் கேட்டது.

அப்பாடா. கண்களை மூடி அப்படியே கிடந்தாள். களைப்பு. நிம்மதி.

பிறகுதான் உறைத்தது. வயிறு ஏறவில்லை. இறங்கவில்லை.

குளிர்ந்தது தன் ஈரக் காது என்றல்லவா நினைத்தாள்.

"என்னங்க?"

இரைச்சல் கூடியது.

கரண்ட் வந்தது. பல்பு எரிந்தது. தலையணை முழுக்க ரத்தம். கறுத்து, காய்ந்து. காலையிலேயே எடுத்த வாந்தி. திறந்த வாயில் எறும்புகள்.

எழப் பார்த்தாள்.

முடியவில்லை. விறைத்த விரல்கள் அவள் கூந்தலுக்குள் நுழைந்தன. மெதுவாக, ஆசையாக, அவள் தலையை வயிற்றோடு அழுத்தின.

அவன் வாய் அசையவில்லை. காதுக்கு அடியிலிருந்துதான் கேட்டது.

"ஓடுதா புள்ள?"