கலுங்கு பிரேக்

“ஆ...!”

மாதவன் போட்ட அலறலில் பக்கத்து ஜவுளிக்கடைப் பெண் ஓடி வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னண்ணே... கரண்டு அடிச்சிருச்சா?”

“ஒ... ஒண்ணுமில்ல. நீ போ!”

ஒன்றுமில்லையாம்! அருப்புக்கோட்டை பஜாரில் தன் எடிட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்த மாதவனுக்கு, வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் மட்டும் கம்ப்யூட்டர் திரையை விட்டு நகரவில்லை.

திரையில் லைவ் ஓடிக் கொண்டிருந்தது.

‘பழசு பறக்குது’ சேனல். அறுபது வருடத்துக் கார்களைத் தேடிப் பிடித்து, தட்டி ஒட்டி, திருச்சுழி பக்கத்தில் காய்ந்து கிடக்கும் கண்மாய்க்குள் ரேஸ் விடுவார்கள். சிங்கப்பூர் வரைக்கும் ரசிகர்கள்.

இன்றைக்கும் ரேஸ். பச்சை பியட்டுக்கும் சிவப்பு ஹெரால்டுக்கும்.

அந்தச் சிவப்பு ஹெரால்டில் ஹெல்மெட் மாட்டிக் கொண்டு ஏறுகிறாளே... அவள் தங்கச்செல்வி. மாதவனின் மனைவி!

பந்தல்குடியில் அம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் காலையில் கிளம்பினாள்.

“எல்லாருக்கும் வணக்கம்!” திரையில் கூலிங் கிளாஸோடு சிரித்தான் சண்முகவேல். சேனலின் ஹீரோ. “எப்பவும் ஹெரால்டை நாந்தேன் ஓட்டுவேன். இன்னைக்கு ஒரு மாறுதல். நம்ம எடிட்டர் மாதவன் வீட்டுத் தங்கச்சி ஓட்டப் போறாக! நான் பியட்டுக்கு மாறிட்டேன்.”

மாதவன் திரையை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டான்.

ஏனென்றால்... அந்த ஹெரால்டின் பிரேக் டியூபை நேற்று பாதி அறுத்து வைத்தவன் அவன்தான்!

சண்முகவேலுக்காக அறுத்தது. பின்னே? சேனல் யோசனை மாதவனுடையது. கண் எரிய எரிய வெட்டி ஒட்டுவது மாதவன். பெயர் மட்டும் சண்முகவேலுக்கு! போன வாரம் அவன் டீ குடித்துக் கொண்டே சொன்னதை மாதவனால் ஜீரணிக்க முடியவில்லை. “எடிட்டர்தானலே... நீ போனா இன்னொருத்தன். சனம் என் மூஞ்சியத்தான் பாக்குது.”

அந்த மூஞ்சி இருக்கக் கூடாது என்று முடிவு செய்தான். வெகு சுலபமாக!

கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகக் கட்டிய கருங்கல் சுவர்தான் கலுங்கு. மூன்றாவது ரவுண்டில் சண்முகவேல் நேராக அதை நோக்கி விரட்டுவான். கடைசி நொடியில் பிரேக்கை ஓங்கி மிதிப்பான். வண்டி புழுதியில் வழுக்கிக் கொண்டே போய்க் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நிற்கும். கலுங்கு பிரேக்! அதற்காகவே லைவ் பார்க்கிற கூட்டம் உண்டு.

லேசாக மிதித்தால் டியூப் தாங்கும். ஓங்கி மிதித்தால் வெடிக்கும். அந்தக் கணக்கில்தான் அறுத்திருந்தான், பாவி.

போனை எடுத்தான். தங்கச்செல்வி... சுவிட்ச் ஆஃப். சண்முகவேல்... சுவிட்ச் ஆஃப். மெக்கானிக் பால்ச்சாமி... அழைப்பே போகவில்லை.

போகாது! கண்மாய்க்குள் சிக்னல் ஒற்றைக் கோடு. லைவ் தொடங்கினால் எல்லார் போனும் அணைந்து விடும். படம் எடுக்கிற பால்ச்சாமியின் போனில் கால் வராதபடி பூட்டி விடுவார்கள். இந்த ஏற்பாட்டைச் செய்ததும் மாதவன்தான்.

“ரெடி... ஒண்ணு... ரெண்டு...”

கொடி இறங்கியது. ஹெரால்டு சீறிக் கொண்டு கிளம்பியது.

லைவை நிறுத்தி விட்டால்? வண்டி நிற்காது. அவளைப் பார்க்க இருக்கிற ஒரே ஜன்னலும் மூடிப் போகும். பைக்கில் பறந்தால்? எப்படி விரட்டினாலும் திருச்சுழி போவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

போலீசுக்கு, நூறுக்கு அடித்தான்.

மணி போனது. யாரோ எடுத்தார்கள்.

என்ன சொல்வது? பிரேக் இல்லை என்றால் உனக்கு எப்படித் தெரியும் என்பார்களே?

கட் செய்தான். அப்படிச் செய்த தன் விரலைப் பார்த்து அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

சட்டென்று ஞாபகம் வந்தது... கோட்டைச்சாமி! கண்மாய்க் கரைக்கு மேலே ரோட்டில் டீக்கடை வைத்திருப்பவர்.

“அண்ணாச்சி! நான் மாதவன் பேசுறேன்!”

“சொல்லுங்க தம்பி. நானும் லைவுதான் பாக்கேன். பாப்பா என்னமா ஓட்டுது!”

“அண்ணாச்சி, ஓடுங்க! அந்த வண்டியில பிரேக் இல்ல! துண்டை வீசி நிப்பாட்டுங்க!”

மறுமுனையில் சிரிப்பு.

“போன மாசமும் இப்பிடித்தான். பியட்டு தீப்பிடிச்சிருச்சுன்னு சொல்லி என்னையக் குடத்தோட ஓட விட்டு வீடியோ எடுத்தீக. என் மருமக இன்னும் சிரிக்குது. திரும்பவும் ஏமாறுவனாக்கும்?”

“சத்தியமா அண்ணாச்சி! தங்கத்து மேல சத்தியம்!”

“அப்பவும் சத்தியம் பண்ணித்தான் சொன்னீக. போங்க தம்பி, ரெண்டாவது ரவுண்டு!”

வைத்து விட்டார்.

திரையில் ஹெரால்டு பியட்டை முந்திக் கொண்டிருந்தது. தங்கச்செல்விக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவனே மாதவன்தான். கல்யாணமான புதிதில், இதே கண்மாயில். பயந்து போய் அவன் தொடையைக் கிள்ளிக் கொண்டே ஓட்டியவள் அவள்.

அழுகை வந்தது. அழுவதற்கு இப்போது நேரமில்லை.

கமெண்ட்! பால்ச்சாமி லைவில் வரும் கமெண்ட்டுகளைச் சத்தமாகப் படிப்பான்! கார்களுக்குக் கேட்கிற மாதிரி கையில் மைக்கும் வைத்திருப்பான்!

அவசரமாகத் தட்டினான். ‘பிரேக் போச்சு! வண்டியை நிறுத்து!’

அதே நொடியில்...

‘பிரேக் போச்சு!’

‘பிரேக் போச்சு டோய்!’

‘அக்கா பிரேக் போச்சு!!!’

திரையின் ஓரத்தில் கமெண்ட்டுகள் கொட்டின. ஒன்றா, இரண்டா?

மாதவன் தலையில் கை வைத்தான். கலுங்கு பிரேக் நெருங்கும் போதெல்லாம் ரசிகர்கள் இப்படிப் போட்டுக் கலாய்ப்பது சேனலின் வழக்கம். ஆரம்பித்து வைத்தது யார் என்று கேட்காதீர்கள். அவன்தான்!

பால்ச்சாமியின் குரல் மைக்கில் வந்தது. “ஏயப்பா! எடிட்டர் அண்ணனும் போட்டுட்டாக! பிரேக் போச்சாம்... ஹா ஹா!”

“சிரிக்காதடா!” திரையைப் பார்த்துக் கத்தினான் மாதவன். திரைக்குக் காது ஏது?

மூன்றாவது ரவுண்டு.

ஹெரால்டு திரும்பியது. நேராகக் கலுங்கு. புழுதி வாலாக எழுந்தது.

தப்பிக்க இனி வழியில்லை. அவளுக்கு இல்லை, அல்லது அவனுக்கு இல்லை.

மாதவன் தட்டினான்.

‘விளையாட்டு இல்ல. நான்தான் பிரேக் டியூபை அறுத்தேன். சண்முகவேலுக்காக அறுத்தேன். தங்கம் மிதிக்காத. கரையில ஏத்தி நிப்பாட்டு. தங்கம்!’

அனுப்பினான்.

பால்ச்சாமியின் சிரிப்பு நின்றது. அவன் வாயே திறக்கவில்லை.

“படிடா! படிச்சுத் தொலைடா!”

ஹெரால்டு வந்தது... வந்தது... கலுங்கின் கருங்கல் திரை முழுக்கப் பெரிதானது...

மாதவன் கண்ணை மூடிக் கொண்டான்.

கிரீ...ச்ச்ச்!

மெல்லத் திறந்தான்.

புழுதி அடங்கியது. கல்லுக்கு ஒரு முழம் முன்னால், சாதுவாக நின்றிருந்தது ஹெரால்டு!

பிரேக் பிடித்திருந்தது!

“தங்கம்...” மேஜை மேல் தலையைச் சாய்த்து விம்மினான். உயிரோடு இருக்கிறாள். அது போதும் அவனுக்கு.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கொண்டே தங்கச்செல்வி பால்ச்சாமியிடம் வந்தாள்.

“அவுக என்ன போட்டிருக்காக?”

“வேணாங்கா...”

“குடு இங்க!”

படித்தாள். கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள். அவள் முகம் திரை முழுக்கத் தெரிந்தது.

“என்னங்க...” நேராக அவனைப் பார்த்துப் பேசினாள். “டியூபு அறுந்து கிடக்குறதைக் காலையிலயே பால்ச்சாமி பாத்துட்டான். புதுசு மாத்தியாச்சு. அம்மா வீட்டுக்குப் போற வழியில சம்முகண்ணன் போன் போட்டு, உன் புருசன்தான் அறுத்திருப்பாருன்னு சொன்னாக. நான் சண்டைக்குப் போனேன். எங்க வீட்டுக்காரரு அப்பிடிப்பட்டவரு இல்ல, நான் ஏறி ஓட்டுறேன், அவுக ஒண்ணும் தெரியாம சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருப்பாகன்னு பந்தயம் கட்டுனேன்.”

கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே போட்டாள்.

“ஒரே ஒரு ஹார்ட்டு போட்டிருந்தீகன்னா போதும்ங்க... நான் ஜெயிச்சிருப்பேன்.”

போனைப் பால்ச்சாமியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். அவள் போவதைப் பார்ப்பதைத் தவிர மாதவனால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை. கூப்பிட்டாலும் கேட்காது.

சில நொடிகள் கழித்துத்தான் உறைத்தது. கமெண்ட்!

மவுசைப் பாய்ந்து பிடித்தான். ‘நீக்கு’...

“கையை எடுங்க தம்பி.”

திரும்பினான்.

வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் பாண்டீஸ்வரி! பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள். அவர் கையில் இருந்த போனிலும் அதே லைவ் ஓடிக் கொண்டிருந்தது.

“சண்முகவேலு காலையிலயே புகார் குடுத்துட்டாரு. லைவு பாத்து நீங்க என்ன செய்யுறீகன்னு பாக்கத்தான் வெளிய நின்னேன். கிளம்புங்க.”

மாதவன் எழுந்தான்.

பாண்டீஸ்வரி திரையில் கமெண்ட் மேலே கமெண்ட்டாக ஏறிக் கொண்டிருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“ஒத்த சாட்சி கிடைக்காமத் தெருத்தெருவா அலைஞ்சிருக்கேன். இப்பப் பாரு... லைவு பாத்த அத்தனை பேரும் சாட்சி! சிங்கப்பூருக்கெல்லாம் சம்மன் கொண்டு போற ஆளுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?”