செத்தவன் கொடுத்த சிக்னல்

ஃபோன் அலறியது.

சப்ரியான் எடுத்தான்.

"ஹலோ... கொலைகாரனா பேசறது?"

பெண் குரல்!

சப்ரியான் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தான். ஆனால் அந்தக் குரல் அவனுக்குப் பழக்கமான குரல்தான்.

"ஆமா... சொல்லுங்க அண்ணி."

"என் புருஷனை ஆத்துல தள்ளி விட்டியே, அதுக்குப் பரிகாரமா ஒரு காரியம் பண்ணு. லேப்டாப்புல நெட் வரலை. ஒடனே கெளம்பி வா!"

"அண்ணி, சத்தியமா நான் தள்ளலை..."

"அதைக் கோர்ட்டுல சொல்லிக்கோ. எனக்கு நெட் வேணும்!"

டக்!

டான்யூப் நதிக்கரையில் இருக்கும் அந்தச் சின்ன பல்கேரிய ஊரில் லேப்டாப் ரிப்பேர் பார்க்க ஒரே ஆள்தான். கொலைப் பழி சுமந்து நிற்பதும் ஒரே ஆள்தான். இரண்டும் சப்ரியானே!

நடந்தது இதுதான். சப்ரியானும் சிநேகிதன் கான்ச்சோவும் கெளுத்தி மீன் பிடிக்கப் படகில் போனார்கள். நல்ல பனிமூட்டம். கையில் பிளம்ஸ் சாராயம். சப்ரியான் தூங்கிப் போனான். விழித்துப் பார்த்தால்...

கான்ச்சோவின் தொப்பி மட்டும் தண்ணீரில் மிதந்தது. கான்ச்சோவைக் காணோம்!

அதோடு போயிருந்தால் விபத்து. ஆனால் முந்தின நாள் சாராயக் கடையில், தாயக்கட்டை ஆட்டத்தில் தோற்ற கடுப்பில், "உன்னை டான்யூப்ல முக்கிக் கொல்லாம விட மாட்டேன்டா!" என்று சப்ரியான் கத்தியதை ஊரே கேட்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்று கான்ச்சோவுக்கு நாற்பதாம் நாள் காரியம்.

இன்ஸ்பெக்டர் கராஜோவ் நேற்றே சொல்லிவிட்டார். "காரியம் முடியட்டும் தம்பி. அங்கே குடுக்கிற கோதுமைச் சாதத்தைச் சாப்பிட்டுட்டு உன் கையில காப்பு மாட்டறேன். உடல் கெடைக்காட்டியும் பரவாயில்லை!"

சப்ரியான் பெருமூச்சு விட்டான். ஸ்குரூ டிரைவரைப் பையில் போட்டான். யோசித்து, டூத் பிரஷ்ஷையும் போட்டுக்கொண்டான்.

கிளம்பினான்.

*

மூன்றாவது மாடி.

கதவில் ஒட்டியிருந்த மரண அறிவிப்பில் கான்ச்சோ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். சப்ரியான் அந்தப் பக்கம் பார்க்காமல் மணியை அழுத்தினான்.

கறுப்பு உடையில் கான்ச்சோவின் மனைவி பென்கா திறந்தாள்.

"வாடா பாவி. உள்ளே வந்து கதவைச் சாத்து, காத்து அடிச்சா கழுத்து பிடிச்சுக்கும்."

சமையலறையில் ஒரு பெண் இரண்டு தட்டுகளோடு நின்றிருந்தாள். சிவந்த உதடுகள். நல்ல வாசனை. மேல்வீட்டுக்காரி லில்யானா. சோஃபியாவிலிருந்து இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவள்.

பென்கா அந்தத் தட்டுகளில், இறைச்சியும் அரிசியும் அடைத்த குடைமிளகாய்களை வைத்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள்.

"அவருக்குப் பிடிச்சதை அக்கம்பக்கத்துல குடுத்தா அவர் ஆத்மாவுக்கே போய்ச் சேருமாம். பாவம், லில்யானாதான் தினமும் வந்து வாங்கிக்கறா."

"நேத்து உப்பு கொஞ்சம் கம்மி அக்கா," என்றாள் லில்யானா. "இன்னைக்குச் சரியா போட்டிருக்கீங்கல்ல? ஆத்மா பாவம்."

"போட்டிருக்கேன்டி கண்ணு."

லில்யானா தட்டுகளோடு மாடி ஏறிப் போனாள்.

பென்கா கண்ணைத் துடைத்தாள். "ஸ்பெயின்ல இருக்கிற என் பொண்ணு நெவேனாவால வர முடியலைடா. அப்பா காரியத்தை லேப்டாப்புலயாவது பாக்கறேன்னு அழுவறா. பாதிரியார் வர்றதுக்குள்ள சரி பண்ணிக் குடு!"

"ப்பூ... இவ்வளவுதானா? நான் தொட்டா பொணம் கூட..." என்று ஆரம்பித்தவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ரவுட்டரைத் தேடினான். டிவி மேல் ஒரு பின்னல் துணி. துணி மேல் ஒரு பீங்கான் நாய். துணிக்கு அடியில் ரவுட்டர், தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது!

"அண்ணி! மூச்சு முட்டிச் சாவுது இது!"

"தூசி படக் கூடாதுன்னு மூடினேன்."

துணியை உருவினான். ரவுட்டரை அணைத்து, ஆற விட்டு, மறுபடி போட்டான். விளக்குகள் பச்சை காட்டின.

"முடிஞ்சுது. இப்பப் பாருங்க!"

பார்த்தார்கள்.

நெட் வரவில்லை!

"ஓஹோ... அப்ப லேப்டாப் உள்ளே இருக்கிற டிரைவர் சாஃப்ட்வேர்தான் கோளாறு. நான் கண்ணை மூடிக்கிட்டே சொல்வேன்!" என்றான் சப்ரியான்.

டிரைவரை அழித்தான். மறுபடி ஏற்றினான். லேப்டாப்பை அணைத்துப் போட்டான்.

நெட் வரவில்லை!

"கண்ணைத் தெறந்துக்கிட்டுப் பாரேன்டா," என்றாள் பென்கா.

அப்போதுதான் சப்ரியான் முதலில் பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தான். லேப்டாப் எதோடு இணைந்திருக்கிறது என்று!

'இணைந்துள்ளது. இணைய வசதி இல்லை' என்றது திரை. அதற்கு மேல் ஒரு பெயர்.

அது ரவுட்டரின் பெயர் இல்லை.

*கெளுத்தி ராஜா.*

சப்ரியான் லேப்டாப்பிலிருந்து கையை எடுத்தான்.

"அண்ணி... 'கெளுத்தி ராஜா'ன்னா..."

பென்காவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது!

"அது அவர் ஃபோனு! ரவுட்டர் மக்கர் பண்ணா அதுல இருந்துதான் எனக்கு நெட் குடுப்பாரு. அவரே வெச்ச பேரு! ஆனா... ஃபோன் அவர் பாக்கெட்லதானேடா இருந்துச்சு? ஆத்தோட போச்சேடா!"

"போகலை அண்ணி! உங்க ரவுட்டர் சூட்டுல மயங்கி விழுந்திருக்கு. லேப்டாப் உடனே, தெரிஞ்ச பழைய ஆள் யாராவது பக்கத்துல இருக்காங்களான்னு தேடியிருக்கு. இவர் இருந்திருக்காரு, ஒட்டிக்கிச்சு. இவர்கிட்டயோ டேட்டா தீர்ந்து போச்சு. அதான் நெட் வரலை!"

பென்கா சிலுவைக் குறி போட்டாள். "ஆவிடா! நாற்பதாம் நாள் வீட்டைத் தேடி வந்திருக்கு!"

"ஆவிக்கு எதுக்கு அண்ணி ஹாட்ஸ்பாட்?"

"சபாஷ்!" என்றது வாசலில் ஒரு கரகரத்த குரல்.

இன்ஸ்பெக்டர் கராஜோவ்! பூட்ஸ் முழுக்க ஆற்றுச் சேறு. கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"ராத்திரி பகலா ஆத்துல வலை போட்டுத் துழாவறேன். என் வீட்டுல படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? எல்லாம் உன்னாலதான்டா! காரியம் வரைக்கும் பொறுக்க முடியாது, கையை நீட்டு!"

"சார், ஒரு நிமிஷம்! கான்ச்சோவோட ஃபோன் உயிரோட இருக்கு!"

"எனக்கேவா? அந்த நம்பரை தினமும் பார்க்கறேன். செத்துக் கெடக்கு!"

"நம்பர் சிம்முல இருக்கு சார். சிம்மை மாத்தினா நம்பர் போயிடும். ஆனா இந்தப் பேரும் பாஸ்வேர்டும் ஃபோனுக்குள்ள இருக்கு. அதை மாத்த மறந்துட்டாங்க!"

இன்ஸ்பெக்டர் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தார். மீசை துடித்தது.

"அப்படின்னா... அவனைக் கொன்னவன்கிட்ட அந்த ஃபோன் இருக்கு. கொன்னவன் நீ. அதனால..."

சட்டென்று சப்ரியானின் பைக்குள் கையை விட்டார். ஸ்குரூ டிரைவர் வந்தது. டூத் பிரஷ் வந்தது.

"இது எதுக்குடா?"

"நீங்கதானே சார் அரெஸ்ட்டுன்னு சொன்னீங்க? உள்ளே குடுக்க மாட்டாங்களாம்."

பென்கா அந்தச் சோகத்திலும் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சார், கேளுங்க," சப்ரியான் கெஞ்சினான். "இந்த கான்கிரீட் சுவத்தைத் தாண்டி இது ரொம்ப தூரம் போகாது. ஃபோன் இந்தக் கட்டடத்துலதான் இருக்கு! லேப்டாப்பைத் தூக்கிட்டு நடப்போம். சிக்னல் எங்கே ஏறுதோ அங்கே ஃபோன். ஃபோன் எங்கேயோ அங்கே ஆளு! சீக்கிரம் சார். எவனாவது அதை அணைச்சுட்டா நான் தொலைஞ்சேன்!"

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார்.

"நட. ஏமாத்தினே... சுட்டுடுவேன்!"

*

லேப்டாப்பை ஏந்திக்கொண்டு சப்ரியான் முன்னால். துப்பாக்கியோடு இன்ஸ்பெக்டர் நடுவில். காரியத்துக்கு வைத்திருந்த கோதுமைச் சாதக் கிண்ணத்தைக் கீழே வைக்க மறந்து பென்கா பின்னால்.

முதலில் கீழே இறங்கினார்கள்.

சிக்னல் சரிந்தது. ஒரே ஒரு கோடு!

"கீழே இல்லை சார்."

மேலே ஏறினார்கள். இரண்டு கோடு...

இன்னும் ஏறினார்கள். மூன்று...

பென்காவின் முகம் மாறியது. "இன்ஸ்பெக்டர் சார்... மேலே வந்து..."

"உஷ்! பேசாதீங்கம்மா! கொலைகாரன் காதுல விழும்!"

நான்காவது மாடி. இடது பக்கம் ஒரு கதவு. வலது பக்கம் ஒரு கதவு.

இன்ஸ்பெக்டர் யோசிக்கவே இல்லை. இடது பக்கக் கதவை ஓங்கி ஒரு உதை!

கதவு பிளந்தது. உள்ளே தூசி, ஒட்டடை, துணி போட்டு மூடிய சோஃபாக்கள்.

"இத்தாலிக்குப் போனவங்க வீடு சார் அது! பூட்டியே கெடக்கு!" என்றாள் பென்கா.

சப்ரியான் உள்ளே ஓர் அடி வைத்தான். சிக்னல் இறங்கியது. பின்வாங்கினான். ஏறியது. வலது பக்கம் திரும்பினான்...

நான்கு கோடும் நிறைந்து நின்றன!

"சார்! இந்த வீடுதான்!"

இன்ஸ்பெக்டரின் நெற்றியில் வியர்வை முத்துக்கள்.

"இருக்காது."

"ஏன் சார்? சிக்னல் முழுசா இருக்கே!"

"இருக்காதுன்னா இருக்காதுடா! உன் லேப்டாப் ஓட்டை!"

"என் கழுத்துக்குக் கயிறு சார் இது! இதையும் உதைங்க! மேல்வீட்டு லில்யானாம்மா வீடுதானே? யாரு சார் அவங்க புருஷன்?"



இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை இடது கைக்கு மாற்றினார். வலது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டார். மெதுவாக வெளியே எடுத்தார்...

சாவி!

"நான்தான்," என்றார்.

*

கதவு சத்தமில்லாமல் திறந்தது.

உள்ளே யாரோ சோஃபாவில் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். முதுகு மட்டும் தெரிந்தது. பக்கத்தில் அடைத்த மிளகாய்த் தட்டு. எதிரில் டேப்லெட்டில் கால்பந்தாட்டம் பாதியில் உறைந்து நின்றது.

"லில்யானா கண்ணே!" என்றான் அவன் திரும்பாமலே, வாய் நிறைய மென்றுகொண்டு. "கோல் போடற நேரத்துல என் டேட்டா தீர்ந்து போச்சு! உன் புருஷனோட வைஃபையைப் போட்டாலோ, யாரு யாரு சேர்ந்திருக்காங்கன்னு அவன் ஃபோன்லயே தெனம் நோண்டிப் பார்க்கறான். சந்தேகப் பேய்! ஆத்துல இருந்து இன்னும் வரலையே அந்த எருமை?"

"வந்துடுச்சு," என்றார் எருமை.

கான்ச்சோ திரும்பினான்!

தட்டு பறந்தது. உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்த லில்யானா "வீல்" என்று கத்தினாள்.

"நீச்சல் அடிச்சுக் கரையேறினியாடா?" சப்ரியானுக்குக் குரல் கிழிந்தது. "பனியில என்னைக் குடிக்க வெச்சு, தூங்க வெச்சு, தொப்பியைப் போட்டுட்டுப் போனியாடா துரோகி! நான் ஜெயிலுக்குப் போறதுக்கு டூத் பிரஷ் வரைக்கும் எடுத்து வெச்சேன்டா!"

"கோவிச்சுக்காதேடா மாப்ளே... போலீஸ் தேடாத வீடு ஊர்லயே இது ஒண்ணுதான். உன்னை விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்... கொஞ்ச வருஷத்துல..."

பென்கா உள்ளே வந்தாள். சிதறிக் கிடந்த மிளகாய்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். லில்யானாவின் சிவந்த உதட்டைப் பார்த்தாள். புருஷன் கன்னத்திலிருந்த சிவப்பையும் பார்த்தாள்.

"மாதாவே... அவருக்கே போய்ச் சேரணும்னு வேண்டிக்கிட்டேன். இவ்வளவு கரெக்டாவா கொண்டு போய்ச் சேர்ப்பே!"

நாற்பது நாள் அழுத அழுகை முழுக்க அவள் கைக்கு வந்தது. கோதுமைக் கிண்ணம் காற்றில் விர்ரென்று பறந்தது!

ணங்!

கான்ச்சோ நெற்றியைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். "காப்பாத்துங்க சார்! கொலை பண்ணிடுவா!"

"நாற்பது நாளா செத்தவன்தானேடா நீ? இனிமே கொன்னா என்ன கேஸு?" பென்கா அடுத்ததாக லில்யானாவின் பூ ஜாடியைத் தூக்கினாள்.

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. தன் வீட்டை, தன் மனைவியை, தன் சோஃபாவை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை உறைக்குள் போட்டார். சப்ரியானின் தோளில் கை வைத்து ஓரமாக அழைத்துப் போனார். 

"தம்பி... உன் மேல கேஸே இல்லை. நீ நிரபராதி. வீட்டுக்குப் போ. ஆனா... இந்த விஷயம் மட்டும் வெளியே..."

சப்ரியானுக்கு நாற்பது நாள் கழித்து முதல் முறையாக மூச்சு நன்றாக வந்தது. சிரிப்பும் வந்தது.

"நான் சொல்ல மாட்டேன் சார். ஆனா கேஸை முடிக்கணும்னா நீங்கதானே மேலிடத்துக்கு ரிப்போர்ட் எழுதணும்?"

"எ... எழுதணும்."

கான்ச்சோ உடுத்தியிருந்த கோடு போட்ட இரவு உடையைச் சப்ரியான் ஏற இறங்கப் பார்த்தான். மார்புப் பையில் 'கராஜோவ்' என்று அழகாக நூலால் தைத்திருந்தது.

"அப்ப ஒளிக்காம எழுதிடுங்க சார்... 'உடல் கிடைத்த இடம்: என் பைஜாமா'!"