கிருமியில்லாமல் ஒரு காய்ச்சல்!

ட்ரிங்ங்ங்... ட்ரிங்ங்ங்...

செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஓசூர் போலீஸ் ஸ்டேஷனின் கறுப்பு டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் சம்பங்கி ரிசீவரை எடுத்தார். நாற்பத்தெட்டு வயது. பாதி நரைத்த மீசை. பெரிய மனிதர்களைக் கண்டாலே உதட்டோரம் தானாகக் கோணிக்கொள்ளும் வியாதி அவருக்கு உண்டு.

"சார், டாக்டர் சாந்தம்மா பேசறேன். பாகலூர் ரோட்ல நர்ஸிங் ஹோம் வெச்சிருக்கேனே..."

"சொல்லுங்கம்மா."

"நேத்து சாயந்திரம் ஒரு பொண்ணை அட்மிட் பண்ணாங்க. பேரு ருக்மணி. சிப்காட் ஜீவகிரி ஆராய்ச்சி நிலையத்துல வேலை. நூத்தி அஞ்சு டிகிரி காய்ச்சல். பி.பி. இறங்கிக்கிட்டே போச்சு. காலையில ஏழு மணிக்கு... போயிட்டா சார்! இருபத்தேழே வயசு!"

"காய்ச்சலை நான் எப்பிடிம்மா அரெஸ்ட் பண்றது? முனிசிபாலிட்டிக்குச் சொல்லுங்க."

"முழுசா கேளுங்க சார். நேத்து மத்தியானம் வரைக்கும் நல்லா நடமாடின பொண்ணு. நினைவு தப்பறதுக்கு முன்னாடி என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னா தெரியுமா?"

"என்ன?"

"'ரத்தம் எடுத்து வைங்க. கிருமி வளராது... டாக்டர் போட்டது டி.டி. ஊசி இல்லை!'"

சம்பங்கியின் கை தானாகத் தொப்பியைத் தேடியது.

"எந்த டாக்டர்?"

"அதுக்குள்ள நினைவு போயிடுச்சு சார்..."

★

சிப்காட் தொழிற்பேட்டையின் கோடியில் நின்றது ஜீவகிரி ஆராய்ச்சி நிலையம். வாசலில் பளிங்கு. பளிங்கில் தங்க எழுத்து. உள்ளே ரிசப்ஷனில் ஒரு பலகை.

டாக்டர், டாக்டர், டாக்டர்... மொத்தம் பதினொரு டாக்டர்கள்!

"எல்லாருமே டாக்டரா சார்?" என்று வாய் பிளந்தார் ஹெட் கான்ஸ்டபிள் சென்னப்பன்.

"ஆமாய்யா. ஆனா ஒருத்தருக்கும் நாடி பார்க்கத் தெரியாது."

மாடியில் இரண்டே அறைகள். ஒன்று டைரக்டர் டாக்டர் வெங்கடப்பனுடையது. எதிர் அறை உதவி டைரக்டர் டாக்டர் கோவிந்தனுடையது.

வெங்கடப்பன் நாற்காலியில் சாய்ந்தபடியே வரவேற்றார். அறுபது வயது. சுவர் நிறைய ஷீல்டுகள். அத்தனையிலும் அவர் பெயர். கோவிந்தன், நாற்பது வயது, ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வெங்கடப்பன் பேசும்போது அவர் தலை ஆடியது. பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஆடியது.

"ருக்மணி விஷயம் வருத்தம்தான். ஏதோ விஷக்காய்ச்சல். அதுக்குப் போலீஸ் எதுக்கு?"

"சும்மா ஒரு விசாரணை சார். இங்க என்ன ஆராய்ச்சி நடக்குது?"

"சொன்னா உமக்குப் புரியாதே!"

"புரியற மாதிரி சொல்லுங்க. சம்பளம் வாங்கறோமில்ல."

வெங்கடப்பன் ஒரு குழந்தையிடம் பேசும் குரலுக்கு இறங்கினார்.

"உடம்புக்குள்ள கிருமி நுழைஞ்சா, ஒரு செல் இன்னொரு செல்லுக்குத் தந்தி கொடுக்கும். 'ஆபத்து, ஆபத்து'ன்னு. உடனே காய்ச்சல், வீக்கம், வலி எல்லாம் வரும். அது நல்லதுதான். கிருமி சாகும். ஆனா சிலருக்கு அந்தத் தந்தி நிக்கவே நிக்காது. வருஷக்கணக்கா அழற்சி. மூட்டு தேயும். சில இடத்துல அந்த அழற்சியே புற்றுநோய்க்குப் பாய் விரிச்சுக் கொடுக்கும். நான் கண்டுபிடிச்ச மருந்து, ஜே.ஜி-7, அந்தத் தந்திக் கம்பியையே வெட்டிடும்! கட்டி வந்த நாற்பது எலிக்குப் போட்டோம். நாற்பதும் உயிரோட இருக்கு. கட்டி பாதியா சுருங்கிடுச்சு!"

"நாற்பதும்," என்றார் கோவிந்தன்.

"வர்ற வெள்ளிக்கிழமை போச்சம்பள்ளியில மூட்டுவலி முகாம். அறுபது பேருக்கு இலவசமா போடறோம்."

"கவர்ன்மென்ட் பர்மிஷன் சார்?"

"வரும். உலகமே வரும்!"

சம்பங்கியின் உதடு கோணியது.

"ருக்மணிக்கு நேத்து டி.டி. ஊசி போட்டது யாரு?"

வெங்கடப்பன் புருவத்தைத் தூக்கினார்.

"எனக்குத் தெரியாது. ஊசி போடறதா என் வேலை?" என்றார் வெங்கடப்பன்.

"எனக்கும் தெரியாது," என்றார் கோவிந்தன்.

★

எலி வீடு கீழே பின்பக்கம் இருந்தது. அங்கே வேலை செய்பவள் முனிலட்சுமி. தொரப்பள்ளிக்காரி. தினமும் சைக்கிளில் வருபவள். கண்கள் அழுது வீங்கியிருந்தன.

"ருக்மணியம்மா தங்கமான மனுஷி சார். இங்க இருக்கற டாக்டருங்க என்னை 'ஏய், எலி'ன்னுதான் கூப்பிடுவாங்க. அவங்க மட்டும் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க."

"நேத்து என்னம்மா நடந்தது?"

"மத்தியானம் ஒரு எலி அவங்க விரலைக் கடிச்சிடுச்சு. சும்மா சின்னக் காயம். டி.டி. ஊசி போட்டுக்கிட்டு வரேன்னு மாடிக்குப் போனாங்க. 'டாக்டரே போட்டுவிட்டாரு'ன்னு சொல்லிக்கிட்டு இறங்கி வந்தாங்க. ஒரு மணி நேரத்துல உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு சார்!"

"மாடியில ரெண்டு டாக்டர். எந்த டாக்டர்?"

"அதைக் கேட்காம விட்டுட்டனே, பாவி!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவங்களுக்கும் மாடிக்காரங்களுக்கும் ஏதாவது தகராறா?"

முனிலட்சுமி வாசலை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"மருந்து போட்ட எலிங்க சாகுது சார்."

"என்னது? நாற்பதும் உயிரோட இருக்குன்னு சொன்னாங்களே?"

"எண்ணினா நாற்பதுதான். ஆனா அதே எலி இல்லை. காதுல அடையாளத்துக்கு ஓட்டை போடுவாங்க. பழைய எலிக்கு ஓட்டை வடுவா காய்ஞ்சிருக்கும். காலையில வந்து பார்த்தா கூண்டுல இருக்கறதுக்குப் பச்சைப் புண்ணு! மூணு வருஷமா எலிக்குத் தீனி வெக்கறேன்... எனக்கு எலி தெரியாதா சார்?"

"யாரு மாத்தறாங்க?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே நடந்துடுது. ருக்மணியம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஒரு நோட்டுல தனியா கணக்கெழுத ஆரம்பிச்சாங்க. 'தந்திக் கம்பியை வெட்டினா கட்டி சுருங்குது லட்சுமி. ஆனா சாதாரண கிருமி வந்தாக்கூட உடம்புக்குத் தெரியமாட்டேங்குது. சளி பிடிச்சே சாகுது. முகாமை நிறுத்தியே ஆகணும்'னாங்க..."

அவள் சம்பங்கியின் முகத்தையே பார்த்தாள்.

"முகாம் லிஸ்ட்டுல என் மாமியார் நஞ்சம்மா பேரும் இருக்கு சார். மூட்டுவலிக்கு நல்ல ஊசின்னு நான்தான் கூட்டிட்டுப் போயி கைநாட்டு வெக்க வெச்சேன்."

"அந்த நோட்டு எங்க?"

"நேத்துல இருந்து காணோம்!"

★

வியாழக்கிழமை மதியம் டாக்டர் சாந்தம்மா ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். கையில் பெங்களூர் லேப் ரிப்போர்ட்.

"அந்தப் பொண்ணு சொன்னது நிஜம் சார்! மூணு நாள் ஆச்சு. ரத்தத்துல ஒரு கிருமிகூட வளரலை. ஆனா கிருமியோட மேல்தோல் மட்டும் இருக்கு!"

"தோலா?"

"கிருமியைக் கொன்னு, தோலை உரிச்சு, பவுடரா விக்கறாங்க. எலிக்கு அழற்சி வரவைக்க ஆராய்ச்சிக்காரங்க போடறது. உடம்பு முட்டாள் சார். தோலைப் பார்த்ததும் கிருமிப் பட்டாளமே வந்துட்டதா நினைச்சு ஊரெல்லாம் தந்தி கொடுக்கும். ரத்தக்குழாய் எல்லாம் தளர்ந்து, பி.பி. விழுந்து... ஆளே காலி. எலி தாங்கற அளவுல ஒரு துளியே மனுஷனைக் கொல்லப் போதும்!"

"ஊசிலதான் போச்சுன்னு எப்பிடிச் சொல்றீங்க?"

"போஸ்ட்மார்ட்டத்துல கையில ஊசி குத்தின சதையை வெட்டி அனுப்பினாங்க. அங்க அள்ளிக் கொட்டினாப்பல இருக்கு."

ஆக, கொலை! கத்தி இல்லை. விஷம் இல்லை. அவளுடைய உடம்பை வைத்தே அவளை எரித்திருக்கிறான் ஒருவன். சாகும்போதுகூட அந்தப் பெண் தன் காய்ச்சலைத் தானே படித்துப் பதில் எழுதிவிட்டுப் போயிருக்கிறாள். மாடியில் இருப்பவர்களுக்கோ ஷீல்டு துடைக்கவே நேரம் போதவில்லை!

"யார்னு நினைக்கறீங்க சார்?" என்றார் சாந்தம்மா.

"வெங்கடப்பன். சந்தேகமே இல்லை. மருந்து பொய்யின்னு தெரிஞ்சா உடைஞ்சு போறது அவர் பேருதான். நாளைக்கு முகாம். இன்னிக்கே அவர் வாயாலயே வரவைக்கணும். ஒரு உதவி பண்ணுவீங்களா டாக்டரம்மா?"

★

மாலை நான்கு மணி. டைரக்டர் அறை.

மேஜை மேல் ஒரு ட்ரே. அதில் இரண்டு ஊசிகள். ஜே.ஜி-7 லேபிள் ஒட்டிய குட்டி பாட்டில் ஒன்று. ட்ரேயின் பக்கத்தில் சாந்தம்மா. கதவருகே சென்னப்பன்.

"ருக்மணிக்கு வந்தது பயங்கர அழற்சி," என்று ஆரம்பித்தார் சம்பங்கி. "கூடப் பழகினவங்களுக்கும் தொத்தியிருக்கலாம்னு டாக்டரம்மா பயப்படறாங்க. அழற்சியை அடக்க உங்க மருந்தை மாதிரி வேற மருந்து இல்லைன்னு நீங்களே சொன்னீங்க. ரெண்டு பேரும் சட்டைக் கையை மடிங்க சார்!"

அவர் கண் வெங்கடப்பன் மேலேயே இருந்தது. இப்போது பின்வாங்குவார்... இப்போது வியர்க்கும்... இப்போது வக்கீலைக் கூப்பிடுவார்...

வெங்கடப்பன் எழுந்தார்.

கோட்டைக் கழற்றினார்.

சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார்!

"போடுங்க! நானே கேட்கலாம்னு இருந்தேன். முதல் மனுஷன் நான்தான்னு சரித்திரத்துல இருக்கட்டும். கோவிந்தா, போட்டோ எடுக்க யாரையாவது கூப்பிடு!"

சம்பங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த ஆள் நடிக்கவில்லை. நிஜமாகவே நம்புகிறார்!

சாந்தம்மாவின் ஊசி இறங்கியது. வெங்கடப்பன் முகத்தில் வெற்றிப் புன்னகை.

சாந்தம்மா இரண்டாவது ஊசியை எடுத்தார்.

"அடுத்து நீங்க சார்."

கோவிந்தன் ஓர் அடி பின்னால் போனார். இன்னோர் அடி. முதுகு ஷீல்டு அலமாரியில் இடித்தது.

"வே... வேண்டாம்!"

"ஏன் சார்? நாற்பது எலியும் நல்லா இருக்கே?"

"வேண்டாம்னா விடுங்களேன்!"

"கையைப் பிடிய்யா சென்னப்பா!"

"ஐயோ, வேண்டாம்! ஒண்ணுகூடப் பொழைக்கலை! பத்து நாள்ல அத்தனையும் செத்துடுச்சு!"

கோவிந்தன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"ரெஜிஸ்டர்ல நாற்பதும் உயிரோட இருக்கே சார்," என்றார் சம்பங்கி மெதுவாக. "செத்ததை எழுதி வெச்சிருந்தது ஒரே ஒரு நோட்டுலதான். அதை எழுதினவ செத்துட்டா. அதுல இருந்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சென்னப்பன் எதிர் அறைக்கு ஓடினார். பத்து நிமிடத்தில் திரும்பினார். ஒரு கையில் பூட்டு உடைத்த மேஜை டிராயரிலிருந்து எடுத்த நோட்டு. முதல் பக்கத்தில் ருக்மணியின் பெயர். இன்னொரு கையில் பாதி காலியான பவுடர் பாட்டில்.

கோவிந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இவருக்குப் பிடிச்ச ரிசல்ட்டைக் கொண்டு வராதவங்களை இவர் வெளியே துரத்துவாரு சார்! எனக்கு முன்னாடி மூணு பேரு போயாச்சு. முதல் எலி செத்தப்பவே சொல்லிப் பார்த்தேன். பேப்பரைக் கிழிச்சு என் மூஞ்சில எறிஞ்சாரு. அன்னிக்கிருந்து எலியை மாத்த ஆரம்பிச்சேன். இவரு ரிட்டயரானா இந்த நாற்காலி எனக்கு. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் வெளியில சொல்றேன்னா... விரல்ல காயத்தோட வந்து 'டி.டி. இருக்கா சார்'னு கேட்டா..."

"அறுபது பேரு செத்திருப்பாங்களேய்யா!"

"முகாம் முடிஞ்சதும் வேற ஏதாவது காரணம் சொல்லிக்கலாம்னு..."

"நல்ல ஆராய்ச்சி!" சம்பங்கி விலங்கை எடுத்தார். "சென்னப்பா, போச்சம்பள்ளிக்கு போன் போடு. முகாம் ரத்து. முதல்ல அந்த முனிலட்சுமிகிட்டச் சொல்லு. மாமியாருக்கு ஊசி இல்லை, நிம்மதியா வீட்டுக்குப் போகச் சொல்லு."

சென்னப்பன் கோவிந்தனைப் பிடித்துக்கொண்டு போனார்.

"உங்க மேலயும் தனியா கேஸ் இருக்கு சார்," என்று திரும்பினார் சம்பங்கி. "பர்மிஷன் இல்லாம மனுஷனுக்கு ஊசி போட ஏற்பாடு பண்ணினது..."

வெங்கடப்பன் காதில் அது விழவே இல்லை. ஊசி போட்ட கையை இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"இ... இன்ஸ்பெக்டர்! பத்து நாள்ல அத்தனையும் செத்துடுச்சுன்னானே... இப்ப எனக்குப் போட்டீங்களே... நான்... நான்..."

சம்பங்கி தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார்! லேபிள்தான் உங்களுது. உள்ளே இருந்தது டாக்டரம்மா கொண்டு வந்த வெறும் உப்புத் தண்ணி. உங்க கட்டடத்துல இதுவரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்ச ஒரே மருந்து அதுதான்!"